சுட்ட மீனும் மாம்பழ சல்சாவும்

சித்திரை வெயிலில் அடுப்படியில் நின்று மீன் குழம்பு வைப்பது எவ்வளவு சிரமம் என்று வைப்பவர்களுக்குத் தெரியும். புளி கரைத்து, மசாலா அரைத்து, எண்ணெய் பிரியும்வரை காத்திருப்பதற்குள் புடவையோ சட்டையோ தொப்பலாக நனைந்துவிடும். சாப்பிட்ட பிறகு மதியம் முழுக்க வயிறு கனமாகவே கிடக்கும். மீனை விடவும் முடியாது, இந்தக் கனமும் வேண்டாம் என்றால் ஒரு நல்ல வழி உண்டு. மீனில் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் தடவித் தணலில் சுட வேண்டும். பழம், வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்ந்த பச்சைக் கலவை ஒன்றை அதன் மேல் அள்ளி வைக்க வேண்டும். அந்தக் கலவைதான் சல்சா. மொத்த வேலையும் முக்கால் மணி நேரம். தணல் தயாராவதற்கு ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டால் இன்னும் குறைவு.

முதல்முறை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அளவுகளும் நேரமும் கீழே வரும். அதற்கு முன் இந்தச் சமையல் எப்படி நிற்கிறது என்பது புரிந்துவிட்டால், கையில் எந்த மீன் கிடைத்தாலும் எந்தப் பழம் கிடைத்தாலும் நீங்களே செய்துகொள்ளலாம்.

சல்சா என்பது ஸ்பானிய மொழிச் சொல். அதற்கு 'சாஸ்' என்பதைத் தாண்டிப் பெரிய பொருள் எதுவும் கிடையாது. மெக்சிகோவில் வேக வைத்து அரைத்த சல்சாவும் உண்டு, அடுப்பில் ஏற்றாத பச்சை சல்சாவும் உண்டு. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்து செய்யும் பச்சை வகைக்கு அங்கே 'பிகோ தே காயோ' என்று பெயர், அதாவது சேவலின் அலகு. அதில் தக்காளி இருக்கும் இடத்தில் மாம்பழத்தையோ அன்னாசியையோ வைத்தால் பழ சல்சா. அவ்வளவுதான். நம் ஊர்க் கச்சம்பருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தட்டில் இருக்கும் மாம்பழமும் மிளகாயும் வந்து சேர்ந்த கதையை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். மிளகாய் மெக்சிகோப் பக்கத்துச் செடி. போர்த்துகீசியர் கப்பலில் வரும்வரை நம் சமையலில் அது கிடையாது, காரம் என்றால் மிளகுதான். மாம்பழம் எதிர்த் திசையில் போனது. 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுகள், பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. ஆசியாவிலிருந்து மா மெக்சிகோவின் பசிபிக் கரைக்குப் போன முக்கிய வழி அதுதான். 'மேங்கோ' என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'மாங்காய்', மலையாளத்து 'மாங்ங' என்ற சொற்களிலிருந்து போர்த்துகீசிய வாய் வழியாகப் போனது. இன்று மெக்சிகோவின் தெருவோரங்களில் மாம்பழத்தைச் சீவி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த் தூளும் உப்பும் தூவித் தருகிறார்கள். மெரினாவில் மாங்காய்க் கீற்றில் மிளகாய்த் தூள் தூவி வாங்கித் தின்ற யாருக்கும் அந்தச் சுவையை விளக்கவே வேண்டாம்.

மீனோடு பழமா என்று முகம் சுளிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். நெத்திலிக் குழம்பில் மாங்காய் போடாத வீடு கடற்கரை ஊர்களில் குறைவு. மீனின் கொழுப்புக்கும் வாடைக்கும் மாவின் புளிப்பு எவ்வளவு பொருந்தும் என்பது நமக்குப் பழைய செய்தி. சுட்டுத் தின்பதும் அப்படித்தான். புகார்க் கரையின் பரதவர் இறாலைச் சுட்டுத் தின்றதைச் சங்கப் பாட்டே சொல்கிறது. புதிதாக இருப்பது ஒன்றுதான்: மாங்காயைக் குழம்பில் கொதிக்க விடாமல், பச்சையாகவே கடைசியில் சேர்க்கிறோம்.

மசாலாவை ஏன் விட வேண்டும்

இந்தச் சமையலில் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, மீன் வறுவலுக்குத் தடவுவது போல மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் கெட்டியாகத் தடவித் தணலில் வைப்பது. நம் கை பழகிய பழக்கம் அது. ஆனால் தணலின் சூடு வேறு. தோசைக்கல்லில் எண்ணெய் நடுவில் நின்று மசாலாவைக் காப்பாற்றுகிறது. தணலில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலிருக்கும் தூள்கள் மீன் வேகும் முன்பே கருகிக் கசந்துவிடும். அதே நேரம் மசாலாவின் ஈரம் மீனின் மேல் ஒரு போர்வை போலக் கிடந்து, தோல் சிவக்க விடாமல் தடுக்கும். மேலே கரி, உள்ளே அவியல் என்று இரண்டும் கெட்டுப் போகும்.

மீன் சிவந்து மொறுமொறுப்பாவது எப்படி என்று கொஞ்சம் பார்க்கலாம். சதையிலுள்ள புரதமும் சிறிதளவு சர்க்கரையும் சுமார் 140 டிகிரி செல்சியசுக்கு மேல் சேர்ந்து மாறும்போதுதான் அந்தப் பொன்னிறமும் மணமும் பிறக்கின்றன. இதை முதலில் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மயாரின் பெயராலேயே மயார் வினை என்கிறார்கள். தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகும். ஆக, மீனின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. மீனைத் துணியால் துடைத்துக் காய வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

காரம், புளிப்பு, இனிப்பு, பச்சை வாசனை எல்லாவற்றையும் சல்சா தரப் போகிறது. நெருப்பு தர வேண்டியது புகை மணமும் சிவந்த தோலும் மட்டும். மீன் தர வேண்டியது அதன் சொந்த ருசி. இந்த மூன்றும் தட்டில்தான் முதல்முறையாகச் சந்திக்க வேண்டும். சூடான மீனும் குளிர்ந்த பழமும் ஒரே கவளத்தில் வாய்க்குள் போகும்போது வரும் சுகம், எல்லாவற்றையும் சேர்த்துச் சமைத்தால் வராது. கூடவே ஒரு நன்மை: மசாலாவை நம்பாமல் சமைக்கும்போது நல்ல மீன் வாங்கியே தீர வேண்டியிருக்கும்.

எந்த மீன்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஓய்வு. மாம்பழம் குவியும் நாட்களும் இவைதான். அப்போது நல்ல மீனே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாட்டுப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் தடை கிடையாது. விடியும் முன் போய்க் காலையிலேயே கரை திரும்பும் படகின் மீன் பல நாள் பனிக்கட்டியில் கிடந்த மீன் இல்லை. கடலோர ஊரில் இருப்பவர்கள் இந்தக் காலத்தில் கரைக்கே போய் வாங்கினால், அளவில் சிறியதாக இருந்தாலும் ருசியில் குறையாத மீன் கிடைக்கும். விலை ஏறித்தான் இருக்கும். நாலு பேருக்கு 700 கிராம் போதும் என்பதால் தாங்கக்கூடிய செலவுதான்.

தணலுக்கு ஏற்ற மீன் என்றால் சதை கெட்டியாக இருக்க வேண்டும், முடிந்தால் தோலோடு இருக்க வேண்டும். சங்கரா, கொடுவா, பாறை மூன்றும் முழு மீனாகச் சுட அருமையானவை. என்னைக் கேட்டால் முதல்முறைக்கு அரைக் கிலோ எடையுள்ள சங்கராதான் சரி. அதன் தோல் தடிமனாக இருப்பதால் கம்பியில் ஒட்டினாலும் சதை தப்பிக்கும். வஞ்சிரத்தை எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அது நல்ல மீன்தான், ஆனால் கடைகளில் வறுவலுக்காக மெல்லியதாக வெட்டித் தருவார்கள். அந்தத் துண்டு தணலில் மூன்று நிமிடத்தில் காய்ந்து பலகையாகிவிடும். ஒரு அங்குலத் தடிமனில் வெட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வவ்வால் சின்னதாக இருந்தால் முழுதாகவே சுடலாம். நாக்கு மீன் போன்ற மெல்லிய, மென்மையான மீன்கள் தணலுக்கு வேண்டாம், உதிர்ந்து தீயில் விழும்.

கானாங்கெளுத்தியும் மத்தியும் விலை குறைந்தவை, எண்ணெய்ச் சத்து நிறைந்தவை. சுட்டால் அவற்றுக்கு ஈடு இல்லை. அவற்றிலும் சூரையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்த மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அது முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி, வாந்தி எல்லாம் தரும். எவ்வளவு சுட்டாலும் அது அழியாது. அதனால் கோடையில் மீன் வாங்கப் போகும்போது ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் பனிக்கட்டியோடு போங்கள். கடையிலிருந்து வீட்டுக்கு அரை மணி நேரம்தானே என்று விட வேண்டாம்.

கண் பளிச்சென்று புடைத்திருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் குழி உடனே மீள்கிறதா என்று பார்ப்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

தணல்

பழைய குமுட்டி அடுப்பு வீட்டில் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் நாலு செங்கல்லை இரண்டு பக்கமும் அடுக்கி நடுவில் கரியைப் பரப்பி, மேலே துருப்பிடிக்காத கம்பி வலை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மொட்டை மாடியோ கொல்லைப்புறமோ, திறந்த வெளியாக இருக்க வேண்டும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய அறையிலோ, கதவடைத்த பால்கனியிலோ ஒருபோதும் கரி மூட்டாதீர்கள். இதில் விளையாட்டுக்கு இடமே இல்லை.

ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலங்கரி நின்று எரியும், சூடும் அதிகம். கொட்டாங்கச்சிக் கரி கிடைத்தால் இன்னும் நல்லது, சாம்பலும் புகையும் குறைவு. பற்ற வைக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த வாடை மீனில் ஏறிவிடும். தென்னம்பன்னாடையும் தேங்காய் நாரும் நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். கரி பற்றியதும் மீனை வைத்துவிடக் கூடாது. தீ நாக்குகள் அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை 20, 25 நிமிடம் பொறுத்திருங்கள். தீயில் சுட்டால் புகைக்கரி ஒட்டும், தணலில் சுட்டால்தான் மணம் வரும்.

கரியை ஒரு பக்கம் குவித்து, இன்னொரு பக்கம் வெறுமையாக விடுங்கள். இதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பயனுள்ள பழக்கம். மீனின் எண்ணெய் சொட்டித் தீ எழும்பினால் மீனை வெறும் பக்கத்துக்கு நகர்த்திவிடலாம். தோல் சிவந்து உள்ளே இன்னும் வேகவில்லை என்றாலும் அதே இடம்தான் கைகொடுக்கும். சூட்டை அளக்க உள்ளங்கையைக் கம்பிக்கு நாலைந்து அங்குலம் மேலே நீட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் கை தாங்கவில்லை என்றால் இறாலுக்கும் கணவாய்க்கும் சரியான சூடு. நாலைந்து நொடி தாங்கினால் முழு மீனுக்குச் சரி.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு விட்டுவிட வேண்டாம். கனமான இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்து அதில் செய்தாலும் தோல் சிவக்கும். புகை மணம் வராது, மற்றதெல்லாம் வரும்.

சுடும் நேரம்

கறியைப் போல மீனை நினைக்கக் கூடாது. ஆட்டின் காலைப் போல எடையைச் சுமந்து நடக்கும் வேலை மீனுக்கு இல்லை, தண்ணீரே அதைத் தாங்குகிறது. அதனால் அதன் தசை நார்கள் குட்டையானவை, அவற்றைப் பிணைக்கும் சவ்வும் மெல்லியது. அந்தச் சவ்வு குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிவது அதனால்தான். இளகுவதற்காக நீண்ட நேரம் வேக வைக்க வேண்டிய கட்டாயம் மீனுக்குக் கிடையாது. வெந்த பிறகும் தணலில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஈரத்தைத்தான் இழக்கிறது.

அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் மீனின் உட்சூடு 63 டிகிரி செல்சியசைத் தொட வேண்டும் என்கிறது. வெப்பமானி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை மிகத் தடித்த இடத்தில் குத்தி ஐந்து நொடி வைத்து, எடுத்துக் கீழுதட்டுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும், சுரீரென்று சுட்டால் எடுத்துவிடலாம். கண்ணாலும் பார்க்கலாம்: கண்ணாடி போலிருந்த சதை முழுக்க வெள்ளையாகி, முள்ளை விட்டுச் சுலபமாகப் பிரிய வேண்டும்.

நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மீனின் மிகத் தடித்த இடத்தை அளந்து, ஒரு அங்குலத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு அங்குல வஞ்சிரத் துண்டுக்குப் பக்கத்துக்கு ஐந்து நிமிடம். ஒன்றரை அங்குலச் சங்கராவுக்குப் பதினைந்து நிமிடம். கொஞ்சம் முன்னதாகவே சோதித்துப் பாருங்கள்.

துண்டு மீனாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பைக் கரைத்து, அதில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் சதை இறுகும், சுடும்போது வெள்ளையாக வெளியே கசியும் புரதமும் குறையும். அப்புறம் துணியால் ஒற்றித் துடையுங்கள். முழு மீனாக இருந்தால் இரண்டு பக்கமும் எலும்பு வரை மூன்று கீறல் போட்டு, கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் உப்பு தடவினால் போதும். எலுமிச்சைச் சாற்றில் ஊற வைக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். புளிப்பு புரதத்தைச் சூட்டைப் போலவே மாற்றும், மீன் வெளுத்து மாவு மாவாகிவிடும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் இந்தக் குணத்தையே பயன்படுத்தி அடுப்பில்லாமல் 'செவிச்சே' செய்கிறார்கள். நாம் தணலில் வைக்கப் போகும் மீனுக்கு அது தேவையில்லை, எலுமிச்சை சல்சாவில் வரட்டும்.

எண்ணெயைக் கம்பியில் ஊற்றாமல் மீனில் தடவுங்கள். கம்பி வெறுமையாக, சுத்தமாக, நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். மீனை வைத்ததும் ஒட்டத்தான் செய்யும். பதற்றப்பட்டு உடனே பெயர்க்கப் போனால் தோல் கிழிந்து கம்பியோடு தங்கிவிடும். தோல் சிவந்து முறுகியதும் தானே விட்டுக்கொடுக்கும். ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள், வரவில்லையென்றால் இன்னொரு நிமிடம் விடுங்கள். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். பச்சை மீன் இருந்த தட்டைக் கழுவாமல் அதிலேயே சுட்ட மீனை எடுக்காதீர்கள்.

இறாலுக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம். ஓட்டோடு சுடுங்கள், முதுகைக் கீறிக் குடலை மட்டும் எடுத்துவிட்டு. ஓடு கருகினாலும் சதை ஈரமாக இருக்கும், ஓட்டின் மணமும் உள்ளே இறங்கும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம். சாம்பல் நிறத்து இறால் சூடு பட்டதும் சிவப்பது, அதன் ஓட்டில் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் அஸ்டாக்ஸாந்தின் என்ற நிறமி விடுபடுவதால். நிறம் மாறியதும் வெந்துவிட்டது என்று எடுக்காதீர்கள், வளைவைப் பாருங்கள். பிறை போல வளைந்தால் சரியான பதம், வால் தலையைத் தொட்டு வளையமாகச் சுருண்டால் ரப்பர். கணவாய்க்கு நேரம் இன்னும் குறைவு: குறுக்கும் நெடுக்கும் லேசாகக் கீறி, கடுமையான சூட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். மூன்றாவது நிமிடம் அது இறுகிவிடும்.

சல்சா

நாலு பேருக்கு ஒரு பெரிய மாம்பழம், பத்து சின்ன வெங்காயம், ஒன்றோ இரண்டோ பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, ஒரு எலுமிச்சை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. பெருங்காயம், சாட் மசாலா, சர்க்கரை எல்லாம் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பழம் பின்னுக்குப் போய்விடும்.

மாம்பழத்தின் பதம்தான் இதில் எல்லாம். கனிந்து குழைந்த பழம் நறுக்கும்போதே கூழாகும், மீனின் மேல் ஜாம் தடவியது போலாகிவிடும். முழுப் பச்சை மாங்காய் புளிப்பால் மீனை அடக்கிவிடும். நமக்கு வேண்டியது செங்காய். வெளியே நிறம் திரும்பி, மோந்தால் மணம் வந்து, அழுத்தினால் கொஞ்சம் மட்டும் நெகிழ வேண்டும். பங்கனப்பள்ளிக்கு நாரில்லை, சதை கெட்டி, சதுரமாக நறுக்க வாகாக இருக்கும். கிளிமூக்கு இன்னும் புளிப்பானது, எண்ணெய் மிகுந்த கானாங்கெளுத்திக்கும் மத்திக்கும் அதுதான் எடுப்பு. இமாம் பசந்த் வாங்கியிருந்தால் தயவுசெய்து அதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

துண்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? பழம் பட்டாணி அளவு, வெங்காயமும் மிளகாயும் அதைவிடப் பொடியாக. ஒரு கவளம் மீனோடு எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் வர வேண்டும் என்பதே கணக்கு. நறுக்கிய வெங்காயத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் அலசிப் பிழிந்தால் கண்ணில் நீர் வரவைக்கும் காட்டம் போய் இனிப்பு மட்டும் நிற்கும். மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் காரம் அதிகம். குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் அந்த நரம்பைச் சீவி எடுத்துவிடுங்கள், மிளகாயின் மணம் போகாது.

உப்பை எப்போது போடுவது என்பதைக் கவனியுங்கள். உப்பு பழத்திலிருந்து நீரை இழுக்கும். மீனைத் தணலில் வைக்கும் நேரத்தில் உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கலந்தால், மீன் இறங்கும்போது சுவைகள் ஒன்றோடொன்று கலந்து பதமாக இருக்கும். இரண்டு மணி நேரம் முன்பே கலந்து வைத்தால் கிண்ணத்தின் அடியில் ரசம்தான் மிஞ்சும். நறுக்கிய பழத்தையும் வெங்காயத்தையும் உப்பில்லாமல் தனித்தனியாகக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். கலந்த பிறகு, நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

மாம்பழம் இல்லாத நாட்களில் வேறு பழங்கள் இருக்கின்றன. தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், அதனால் நறுக்கி வடிதட்டில் கால் மணி நேரம் வைத்து வடிய விட்டு, வெள்ளரிப்பிஞ்சும் புதினாவும் சேர்த்தால் இறாலுக்கு அழகாகப் பொருந்தும். பம்பளிமாஸ் கிடைத்தால் அதன் முத்துக்களை உதிர்த்துப் போடுங்கள், நண்டுக்கும் இறாலுக்கும் அதைப் போல ஒரு பழம் இல்லை. அன்னாசியிலும் பப்பாளியிலும் ஒரு சங்கதி உண்டு. அன்னாசியில் புரோமலின், பப்பாளியில், குறிப்பாகக் காயில், பப்பைன். இரண்டும் புரதத்தை உடைக்கும் நொதிகள். ஆட்டுக்கறி பூப்போல வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே வேலைதான். மீனின் மேல் இந்தப் பழக் கலவையை வெகுநேரம் வைத்தால் சதை கூழாகிவிடும், சாப்பிடும் நேரத்தில் போட்டால் ஒன்றும் ஆகாது. அன்னாசி வளையங்களை மீனுக்கு முன்பே தணலில் சுட்டுவிட்டால் சூட்டில் நொதியும் செயலிழக்கும், சர்க்கரை சிவந்து தனி மணமும் வரும். கணவாய்க்கு நான் சுட்ட அன்னாசியைத்தான் எப்போதும் தேர்வு செய்வேன். நுங்கையும் முயன்று பார்த்தேன். குளிர்ச்சி இருக்கிறது, ஆனால் புளிப்பும் கடிபடும் தன்மையும் இல்லாததால் மீனோடு சேரவில்லை.

மெக்சிகோவின் பசிபிக் கரையில் நயாரித் என்ற மாநிலத்தில் மீனை முதுகுப்பக்கம் பிளந்து, புத்தகம் போல விரித்து, கம்பிக் கூட்டுக்குள் வைத்துச் சுடுகிறார்கள். 'சரண்டியாதோ' என்று அதற்குப் பெயர். கண்டல் மர விறகில் சுடுவது அங்கே வழக்கம். விரித்த மீன் ஒரே தடிமனாக இருப்பதால் சீராக வேகும். இரண்டு மூன்று முறை செய்து கை பழகியதும் ஒரு கொடுவாவை அப்படி விரித்துச் சுட்டுப் பாருங்கள். மீன் வெட்டித் தருபவரிடம் வயிற்றைக் கிழிக்காமல் முதுகைப் பிளந்து தரச் சொன்னால் போதும், கருவாட்டுக்குப் பிளக்கும் கை அவர்களுடையது, எளிதாகச் செய்துவிடுவார்கள்.

சுட்ட மீனைத் தணலிலிருந்து எடுத்ததும் இரண்டு நிமிடம் தட்டில் ஆற விட்டு, பிறகு சல்சாவை மேலே வையுங்கள். முழுக்க மூடிவிட வேண்டாம், முறுகிய தோல் நனைந்துவிடும். பாதி மீனின் மேல், பாதி பக்கத்தில். கூடவே என்ன சாப்பிடுவது என்றால், மெல்லிய சப்பாத்தியில் மீனை உதிர்த்துச் சுருட்டிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்குப் பழைய சோறுதான். சுட்ட கருவாட்டோடு பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மண்சட்டியில் இரவே நீரூற்றி வைத்த சோறு, கொஞ்சம் மோர், உப்பு. அதன் மேல் தோல் முறுகிய சங்கராவின் ஒரு துண்டு, ஒரு கரண்டி மாம்பழ சல்சா. கடைசியில் கிண்ணத்தில் தங்கும் எலுமிச்சையும் மாம்பழச் சாறும் கலந்த நீரை நீராகாரத்திலேயே ஊற்றிக் குடித்துவிடலாம்.